இதய சி.டி. ஸ்கேன்: கதிர்வீச்சு குறைந்த வரலாறு

நெஞ்சு வலிக்கிறது என்று மருத்துவரிடம் செல்பவருக்கு முதலில் இ.சி.ஜி. எடுக்கப்படுகிறது. அதில் தெளிவு கிடைக்காவிட்டால், இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கரோனரி தமனிகளில் அடைப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டியிருக்கும். நெடுங்காலம் இதற்கு இருந்த முக்கிய வழி, தொடையிலோ கையிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான். இன்று பலருக்கு அது தேவைப்படுவதில்லை. கையில் ஒரு ஊசி மூலம் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, சில நொடிகளில் ஸ்கேன் எடுத்துவிடுகிறார்கள். இதுவே சி.டி. கரோனரி ஆஞ்சியோகிராம் ஆகும்.

இந்த வசதியோடு எக்ஸ்-கதிர் வீச்சும் உடலுக்குள் செல்கிறது. அதன் அளவு மில்லிசீவர்ட் என்ற அலகில் கூறப்படுகிறது. மண், காற்று, விண்வெளி போன்ற இயற்கை மூலங்களிலிருந்து மனிதர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. 2007 ஆம் ஆண்டில் இதய சி.டி. ஸ்கேன் ஒன்றில் கிடைத்த அளவு ஏறத்தாழ 12 மில்லிசீவர்ட். அதாவது ஐந்து ஆண்டுகளுக்கான இயற்கைக் கதிர்வீச்சு சில நொடிகளில் உடலில் இறங்கியது. 2017 இல் அதே ஸ்கேனுக்கான அளவு 2.7 மில்லிசீவர்ட்டாகக் குறைந்துவிட்டது.

பத்தே ஆண்டுகளில் இது நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது எப்படி? புதிய இயந்திரங்கள் வந்ததால்தான் என்று பலர் நினைக்கலாம். அது பாதி உண்மையே. கதிர் எப்போது தேவையில்லை, எங்கே தேவையில்லை என்று மருத்துவர்கள் கேட்கத் தொடங்கியதுதான் மீதிப் பாதி.

எக்ஸ்-கதிர் கற்றுத்தந்த முதல் பாடம்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். கத்தியின்றி உடலுக்குள் பார்க்க முடியும் என்ற செய்தி உலகையே வியக்க வைத்தது. அடுத்த ஆண்டே பல நாட்டு மருத்துவர்கள் இதனைப் பயன்படுத்தத் தொடங்கினர். ஆனால் கண்ணுக்குத் தெரியாத, தொட்டால் உணர முடியாத ஒன்று தீங்கு செய்யும் என்று தொடக்கத்தில் பலரும் நம்பவில்லை.

தாமஸ் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, எக்ஸ்-கதிர்க் குழாய்களைத் தம் கைகளை வைத்தே சோதித்து வந்தார். கைகளில் புண் வந்தது. அது புற்றுநோயாக மாறி இரு கைகளும் துண்டிக்கப்பட்டன. 1904 இல் அவர் இறந்தார். அதன்பின் எடிசன் எக்ஸ்-கதிர் ஆய்வைத் தொடவில்லை. 1936 இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், இவ்வாறு கதிர்வீச்சால் உயிரிழந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டபோது அதில் 169 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. பயனுள்ள கதிரையும் அளந்துதான் பயன்படுத்த வேண்டும் என்ற பாடம் இப்படித்தான் கிடைத்தது. பின்னாளில் இது, நியாயமாக இயன்ற அளவுக்குக் கதிர்வீச்சைக் குறைவாக வைத்திருக்க வேண்டும் என்ற பன்னாட்டுக் கொள்கையாக வடிவம் பெற்றது.

சி.டி. ஸ்கேனின் பிறப்பு

சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, கணக்கீடு மூலம் உடலைக் குறுக்கே வெட்டியது போன்ற படத்தைப் பெறலாம் என்று தென் ஆப்பிரிக்காவில் பிறந்த இயற்பியலாளர் ஆலன் கார்மக் 1963, 1964 ஆம் ஆண்டுகளில் எழுதினார். அப்போது அதனைக் கவனித்தவர் மிகச் சிலரே.

அவருடைய ஆய்வை அறியாமலேயே இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் அதே கருத்தை இயந்திரமாக்கினார். அவரது முதல் சோதனைக் கருவியில் ஒரு படத்துக்கான அளவீடுகளை எடுக்கவே ஒன்பது நாட்கள் ஆயின. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுக்கப்பட்டது. மூளைக் கட்டி இருந்த இடம் படத்தில் தெரிந்தது. 1979 இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அசையாத மூளைக்கு இந்த இயந்திரம் பொருந்தியது. இதயத்துக்கு அது பொருந்தவில்லை.

ஓய்வில்லாத உறுப்பு

இதயம் நிமிடத்துக்கு எழுபது முறை போல் துடிக்கிறது. கரோனரி தமனிகளோ சில மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. ஓடும் குழந்தையைப் படம் பிடித்தால் முகம் கலங்கித் தெரிவது போல, துடிக்கும் இதயத்தை மெதுவான இயந்திரத்தில் எடுத்தால் தமனிகள் கலங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் விரிந்து இரத்தம் நிரப்பிக்கொள்ளும் கட்டத்தில், நொடியின் ஒரு சிறு பகுதி நேரம் மட்டும் ஏறக்குறைய அசையாமல் இருக்கிறது. அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டக்ளஸ் பாய்ட் குழுவினர் எலக்ட்ரான் கற்றை சி.டி. என்ற இயந்திரத்தை உருவாக்கினர். இதில் எக்ஸ்-கதிர்க் குழாய் சுழலவில்லை. எலக்ட்ரான் கற்றையைக் காந்தத்தால் வளைத்து டங்ஸ்டன் வளையங்களின் மேல் ஓடவிட்டார்கள். இதனால் நொடியில் பத்தில் ஒரு பங்கில் ஒரு படம் கிடைத்தது. 1990 இல் ஆர்தர் அகாட்ஸ்டன் குழுவினர் இந்த இயந்திரத்தைக் கொண்டே தமனிகளில் படிந்த சுண்ணாம்பை எண்ணால் மதிப்பிடும் முறையை வெளியிட்டனர். இன்றும் அது அகாட்ஸ்டன் மதிப்பெண் என்றே அழைக்கப்படுகிறது.

இந்த இயந்திரத்தில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. இ.சி.ஜி. குறிப்பைப் பார்த்து, துடிப்பின் குறிப்பிட்ட கட்டத்தில் மட்டுமே அது கதிரைப் பாய்ச்சியது. மற்ற நேரத்தில் கதிர் இல்லை. ஆனால் இயந்திரத்தின் விலை அதிகம். எல்லா உறுப்புகளுக்கும் அது ஏற்றதாகவும் இல்லை. ஆகவே அது பரவலாகவில்லை.

64 ஸ்லைஸ் இயந்திரமும் வீணான கதிரும்

1989 இல் ஜெர்மனியின் வில்லி காலெண்டர் சுருள் முறை சி.டி.யை அறிமுகப்படுத்தினார். குழாய் நிற்காமல் சுழல, நோயாளி படுத்திருக்கும் மேசை நகர்ந்துகொண்டே இருக்கும். 1998 இல் ஒரே சுற்றில் நான்கு படங்கள் எடுக்கும் இயந்திரங்கள் வந்தன. 2004 வாக்கில் அது 64 ஆனது. இப்போது ஒரே மூச்சடக்கலில் முழு இதயத்தையும் எடுக்க முடிந்தது. இதய சி.டி. உலகெங்கும் பரவியது.

படம் தெளிவாக வந்தது. ஆனால் அது எடுக்கப்பட்ட விதத்தில் பெரிய விரயம் இருந்தது. இதயம் எந்தக் கணத்தில் அமைதியாக இருக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஸ்கேன் முழுவதும் கதிரை ஓடவிட்டு, எல்லாத் தகவலையும் சேகரித்துக்கொண்டு, பிறகு இ.சி.ஜி.யைப் பார்த்து வேண்டிய கணத்தின் படத்தை மட்டும் பிரித்தெடுத்தார்கள். மேசையும் மிக மெதுவாக நகர்ந்தது. இதனால் இதயத்தின் ஒவ்வொரு பகுதியும் நான்கைந்து முறை கதிருக்கு உள்ளானது. படிக்க ஒரு பக்கம் வேண்டி முழுப் புத்தகத்தையும் நகலெடுப்பது போன்ற செயல் இது. ஆனால் இங்கே வீணானது காகிதமல்ல. நோயாளியின் நுரையீரலும், பெண்களானால் மார்பகமும் அந்தக் கதிரை வாங்கிக்கொண்டன.

2007: எச்சரிக்கை மணி

2007 ஜூலையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஐன்ஸ்டைன் குழுவினர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கணக்கை வெளியிட்டனர். 64 ஸ்லைஸ் இயந்திரத்தில் ஒருமுறை இதய ஸ்கேன் எடுத்தால் வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு எவ்வளவு கூடும் என்பதே அந்தக் கணக்கு. 80 வயது ஆணுக்கு 3,261 பேரில் ஒருவர் என்று வந்தது. 20 வயதுப் பெண்ணுக்கோ 143 பேரில் ஒருவர் என்று வந்தது.

ஒரே ஸ்கேனுக்கு ஏன் இவ்வளவு வேறுபாடு? இளம் வயதில் செல்கள் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும். புற்றுநோய் உருவாக எடுக்கும் பல ஆண்டுகளும் அவர்களுக்கு முன்னே இருக்கின்றன. பெண்களுக்கு மார்பகம் நேரடியாகக் கதிரின் பாதையில் இருக்கிறது. அதே கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. தேவையற்ற கட்டத்தில் கதிரின் வலிமையைக் குறைக்கும் வசதியைப் பயன்படுத்தினாலே 143 என்பது 219 ஆகவும், 3,261 என்பது 5,017 ஆகவும் மாறும். அதாவது ஆபத்தும் கணக்கிடப்பட்டது, அதனைக் குறைக்கும் வழியும் காட்டப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் டேவிட் பிரென்னர், எரிக் ஹால் ஆகியோர் இன்னொரு கட்டுரை வெளியிட்டனர். அமெரிக்காவில் 1980 இல் ஆண்டுக்கு 30 இலட்சமாக இருந்த சி.டி. ஸ்கேன்களின் எண்ணிக்கை 6 கோடியே 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டது என்று அதில் சுட்டிக்காட்டினர். செய்தித்தாள்களில் இது பெரிதாகப் பேசப்பட்டது.

கையில் இருந்த வழிகள்

கதிரைக் குறைக்கும் வழிகள் அப்போதே தெரிந்திருந்தன. அவை சுருக்கமாக:

1. துடிப்பைக் குறைத்தல்: ஸ்கேனுக்கு முன் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை கொடுத்து, துடிப்பை நிமிடத்துக்கு 60 வாக்கில் கொண்டுவருவது. இதயம் அமைதியாக இருக்கும் நேரம் நீளும். குறைந்த கதிரிலேயே தெளிவான படம் கிடைக்கும்.

2. நீளத்தைக் குறைத்தல்: இதயத்துக்கு மேலும் கீழும் தேவையின்றி எடுக்காமல் இருப்பது. மொத்தக் கதிர் அளவு எடுக்கப்படும் நீளத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கில் சேரும்.

3. மின்னழுத்தத்தைக் குறைத்தல்: வழக்கமான 120 கிலோவோல்ட்டுக்குப் பதில் 100 கிலோவோல்ட் வைப்பது. கதிர் அளவு ஏறத்தாழ மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால் இது ஒன்றே 30 சதவீதம் வரை குறைக்கும். குறைந்த மின்னழுத்தத்தில் அயோடின் இன்னும் பளிச்சென்று தெரியும் என்பது கூடுதல் நன்மை. பருமனான உடல் கொண்டவர்களுக்கு மட்டும் இது எளிதில் பொருந்தாது.

4. மின்னோட்டத்தை மாற்றுதல்: இதயம் அசையும் கட்டத்தில் கதிரை வலுக்குறைத்து, அமைதியான கட்டத்தில் மட்டும் முழு வலிமையில் பாய்ச்சுவது.

5. நின்று நின்று எடுத்தல்: மேசையை நிறுத்தி, துடிப்பின் சரியான கணத்தில் கதிரைப் பாய்ச்சி, பிறகு கதிரை அணைத்து மேசையை நகர்த்தி, மீண்டும் எடுப்பது. எலக்ட்ரான் கற்றை இயந்திரத்தின் அந்தப் பழைய பழக்கம்தான் 2006 வாக்கில் புதிய இயந்திரங்களில் திரும்பி வந்தது.

ஐம்பது மருத்துவமனைகள் சொன்ன உண்மை

வழிகள் இருந்தனவே, அவை பயன்பட்டனவா? ஜெர்மனியின் யோர்க் ஹவுஸ்லைட்டர் தலைமையிலான குழு 2007 இல் உலகின் 50 மருத்துவமனைகளில் 1,965 நோயாளிகளின் ஸ்கேன் விவரங்களைத் திரட்டியது. முடிவு 2009 பிப்ரவரியில் வெளிவந்தது. நடுத்தர அளவு 12 மில்லிசீவர்ட் என்பது இந்த ஆய்வில்தான் தெரிந்தது. ஆனால் மருத்துவமனைக்கு மருத்துவமனை ஆறு மடங்கு வரை வேறுபாடு இருந்தது. ஓர் ஊரில் 5 மில்லிசீவர்ட்டில் முடிந்த சோதனைக்கு இன்னோர் ஊரில் 30 மில்லிசீவர்ட் செலவாகியிருந்தது.

இன்னும் கவலை தரும் செய்தியும் அதில் இருந்தது. நின்று நின்று எடுக்கும் முறை கதிரை 78 சதவீதம் குறைத்தது. ஆனால் 6 சதவீத நோயாளிகளுக்குத்தான் அது பயன்பட்டிருந்தது. 100 கிலோவோல்ட் முறை 46 சதவீதம் குறைத்தது. அது பயன்பட்டதோ 5 சதவீதத்தினருக்கு மட்டும். அதிகப் பலன் தரும் வழிகளே மிகக் குறைவாகப் பயன்பட்டன.

மிச்சிகன் முயற்சி

இதே காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 15 மருத்துவமனைகள் ஒன்று சேர்ந்தன. கில்பர்ட் ராஃப் என்ற இதய மருத்துவர் இந்த முயற்சிக்குத் தலைமை தாங்கினார். 2007 ஜூலையில் தொடங்கி ஓராண்டு காலம், ஏறத்தாழ 5,000 நோயாளிகளிடம் இந்த ஆய்வு நடந்தது. முதல் இரண்டு மாதங்கள் வழக்கம் போல் ஸ்கேன் எடுத்து அளவைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு மருத்துவர்களுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளித்தார்கள். துடிப்பைக் குறைப்பது, நீளத்தைக் குறைப்பது, மின்னழுத்தத்தைக் குறைப்பது, மின்னோட்டத்தை மாற்றுவது ஆகிய எளிய வழிகளையே வலியுறுத்தினார்கள்.

ஆண்டு முடிவில் நடுத்தர அளவு 21 மில்லிசீவர்ட்டிலிருந்து 10 ஆகக் குறைந்தது. பாதிக்கும் மேல் குறைவு! படத்தின் தரம் கெடவில்லை. மாறியது முக்கியமாக மனிதர்களின் பழக்கம். இதய சி.டி. வரலாற்றில் இதனை ஒரு திருப்புமுனை எனலாம். எந்த மருத்துவமனையும் அடுத்த இயந்திரத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதை இது காட்டியது.

கவனக்குறைவு என்ன செய்யும் என்பதும் அதே 2009 இல் தெரியவந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மருத்துவமனையில் மூளை சி.டி. ஸ்கேனின் அமைப்பு தவறாக வைக்கப்பட்டிருந்தது. 18 மாதங்களில் 206 நோயாளிகளுக்கு எதிர்பார்த்ததைவிட எட்டு மடங்கு கதிர் பாய்ந்திருந்தது. சிலருக்கு முடி கொட்டிய பிறகே விஷயம் வெளியே வந்தது. அது இதய ஸ்கேன் அல்ல என்றாலும், அளவைப் பார்க்காமல் எடுப்பதன் ஆபத்தை அனைவருக்கும் உணர்த்தியது. கலிபோர்னியா மாநிலம் சி.டி. கதிர் அளவை நோயாளியின் அறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2012 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது.

இயந்திரங்களின் பங்கு

பொறியாளர்களும் சும்மா இருக்கவில்லை. 2005 இல் ஒரே இயந்திரத்தில் இரண்டு எக்ஸ்-கதிர்க் குழாய்கள் பொருத்தப்பட்டன. இதனால் வேகமான துடிப்பிலும் தெளிவான படம் கிடைத்தது. 2007 இல் 16 சென்டிமீட்டர் அகலமுள்ள 320 வரிசை உணர்வி வந்தது. மேசை நகராமலேயே முழு இதயமும் ஒரே துடிப்பில் அதற்குள் அடங்கியது. இரண்டு குழாய் இயந்திரத்தின் அடுத்த தலைமுறையில் மேசை மிக வேகமாக நகர்ந்து, கால் நொடி அளவில் இதயத்தைக் கடந்தது. 2010 இல் ஸ்டீஃபன் ஆக்கென்பாக் குழுவினர் இந்த முறையில் 50 நோயாளிகளுக்குச் சராசரியாக 0.87 மில்லிசீவர்ட்டில் ஸ்கேன் எடுத்துக் காட்டினர். துடிப்பு மெதுவாகவும் சீராகவும் இருப்பவர்களுக்கே இது பொருந்தும்.

கணக்கீட்டிலும் ஒரு சுவையான திருப்பம் நிகழ்ந்தது. படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி உருவாக்கும் முறையைத்தான் ஹவுன்ஸ்ஃபீல்ட் தொடக்கத்தில் பயன்படுத்தினார். அதற்குக் கணினி நேரம் அதிகம் தேவைப்பட்டதால் வேகமான வேறு முறை அதன் இடத்தைப் பிடித்தது. கணினிகள் வலுப்பெற்ற பிறகு, 2008-2009 வாக்கில் அந்தப் பழைய கருத்து புதிய வடிவில் திரும்பியது. குறைந்த கதிரில் எடுத்த படத்தில் தோன்றும் புள்ளிகளை இது நீக்கியது. 2019 முதல் செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைச் செய்யத் தொடங்கியது. 2021 இல் எக்ஸ்-கதிர்த் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் புதிய வகை சி.டி. இயந்திரத்துக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது.

பத்தாண்டு கழித்து

2017 இல் அதே வகை ஆய்வு மீண்டும் நடத்தப்பட்டது. இம்முறை 32 நாடுகளின் 61 மருத்துவமனைகள், 4,502 நோயாளிகள். நடுத்தர அளவு 2.7 மில்லிசீவர்ட். 78 சதவீதக் குறைவு. தெளிவில்லாத படங்களின் எண்ணிக்கை கூடவில்லை.

ஆனால் இந்த மகிழ்ச்சியான செய்திக்குள் ஒரு கசப்பும் இருந்தது. மிகக் குறைந்த கதிரைப் பயன்படுத்திய மருத்துவமனைக்கும் மிக அதிகமாகப் பயன்படுத்திய மருத்துவமனைக்கும் இடையே வேறுபாடு 37 மடங்காக இருந்தது. 2007 இல் ஆறு மடங்காக இருந்த இடைவெளி விரிந்துவிட்டது. முன்னே சென்றவர்கள் வெகுதூரம் சென்றுவிட்டார்கள். சிலர் பழைய இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

பயமும் பயனும்

இவ்வளவு சிறிய கதிர் அளவு உண்மையில் தீங்கு செய்யுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களிடம் நடத்திய நீண்ட ஆய்வே இந்தக் கணக்குகளுக்கு முக்கிய அடிப்படை. 100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே ஆபத்து மிகச் சிறியது என்பதால் அதனை நேரடியாக அளப்பது கடினம். கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு மிக அதிகம். அங்கு ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் கண்காணித்து 2009 இல் வெளியான ஆய்வில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே கதிர்வீச்சு சிறுகச் சிறுகச் சேர்வது. ஸ்கேனில் கிடைப்பது ஒரே நேரத்தில். ஐயம் இருக்கும்வரை குறைப்பதே பாதுகாப்பு என்பது பெரும்பாலோர் ஏற்ற நிலை.

மறுபுறம், பயந்து ஸ்கேனையே தவிர்ப்பதும் தவறு. ஸ்காட்லாந்தில் நெஞ்சு வலியுள்ள 4,146 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2018 இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 3.9 சதவீதத்தினர் ஐந்து ஆண்டுகளில் மாரடைப்புக்கு உள்ளானார்கள் அல்லது இதயத் தமனி நோயால் இறந்தார்கள். இதய சி.டி. எடுத்தவர்களில் அது 2.3 சதவீதம். நோய் இருப்பது தெளிவாகத் தெரிந்ததால் சரியானவர்களுக்குச் சரியான மருந்து கிடைத்ததே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. தேவையுள்ளவருக்கு ஸ்கேன் உயிர் காக்கும். தேவையில்லாதவருக்கு எடுக்காமல் விடுவதே மிகக் குறைந்த கதிர்வீச்சு.

கிளாரன்ஸ் டாலியின் காலத்தில் அளவு தெரியாது, ஆபத்தும் தெரியாது. இன்று இரண்டும் தெரியும், குறைக்கும் வழியும் தெரியும். ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் கதிர் அளவை இயந்திரமே எண்ணாகக் காட்டுகிறது. அந்த எண்ணை மருத்துவமனை பார்க்க வேண்டும், நோயாளியும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 37 மடங்கு என்ற இடைவெளி அப்போதுதான் சுருங்கும்.